முதல்ல வந்தது நாங்கதானே, டாக்டர்?

நான் வேலை பார்க்கும் கேஷுவாலிட்டியை, அதாவது அவசர சிகிச்சைப் பிரிவைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொன்னால், வந்ததில் பாதி கோபக் கடிதங்கள். சிலவற்றில் நியாயமும் இருக்கிறது. சுருக்கி எடுத்துக்கொண்டேன்.

அப்பா கை முறிந்து வலியில் துடித்தார். ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். எங்களுக்குப் பிறகு நடந்தே வந்தவரை உடனே உள்ளே கூட்டிப்போனார்கள். ஆள் தெரிந்தால்தான் பார்ப்பார்களா? (வாசகர், விருதுநகர்)

சிபாரிசே கிடையாது என்று நான் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் உங்கள் விஷயத்தில் அது காரணமாக இருக்காது. வாசலில் நிற்கும் சிஸ்டர் நாடித்துடிப்பு, பிரஷர், மூச்சு எண்ணிக்கை, ஆக்ஸிஜன் அளவு பார்த்து ஆளுக்கொரு நிறம் கொடுப்பார். சிவப்பு என்றால் இந்த நிமிடமே. மஞ்சள் கொஞ்சம் பொறுக்கலாம். பச்சை காத்திருக்கலாம். ரேஷன் கடை வரிசை மாதிரி வந்த நேரத்தைப் பார்ப்பதில்லை, உயிருக்கு என்ன ஆபத்து என்றுதான் பார்ப்போம்.

நடந்து வந்தவருக்குச் சட்டை நனைய வியர்த்து, தாடை வலித்திருக்கலாம். அது மாரடைப்பாக இருக்கலாம். எங்களுக்கு அவர்தான் சிவப்பு. கத்துகிறவருக்கு மூச்சு நன்றாக ஓடுகிறது. குழந்தைகளிடமும் அப்படித்தான்: வீறிட்டு அழும் பிள்ளையைவிட, அழுது ஓய்ந்து துவண்டு கிடக்கும் பிள்ளையிடம்தான் முதலில் ஓடுவோம்.

ஒன்று மட்டும் உங்கள் பக்கம் நியாயம். கையை அசையாமல் கட்டி, வலிக்கு ஒரு ஊசி போட்டுவிட்டு உட்கார வைத்திருக்க வேண்டும். அதை நீங்களே கேட்கலாம். காத்திருக்கும்போது விரல்கள் மரத்துப்போனாலோ, சில்லிட்டாலோ, நீலம் பாரித்தாலோ உடனே சொல்லுங்கள். சிஸ்டர் கொடுத்த நிறம் மாறும்.

தம்பியைப் பாம்பு கடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு, ஓரமாக வைத்துவிட்டு "இருங்க" என்றார்கள். விஷமுறிவு ஊசி போடவே இல்லை. மறுநாள் அனுப்பிவிட்டார்கள். அலட்சியம்தானே? (வாசகி, தென்காசி)

இல்லை. அந்தக் குழாயைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். 2 மில்லி ரத்தம், சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாய், 20 நிமிடம் ஆட்டாமல் வைக்க வேண்டும். பிறகு மெல்லச் சாய்த்தால், உறைந்த ரத்தம் கட்டியாக நிற்கும். தண்ணீர்போல் ஓடினால் கண்ணாடி விரியனோ சுருட்டை விரியனோ வேலையைக் காட்டிவிட்டது என்று பொருள். சோப்பு போட்டுக் கழுவிய பழைய குழாயில் நல்ல ரத்தம்கூட உறையாமல் ஏமாற்றும். அதனால் புதுக் குழாய் கேட்டு நானே வார்டில் சண்டை போட்டிருக்கிறேன்.

பாம்பு கடித்தாலும் எல்லாக் கடியிலும் விஷம் இறங்குவதில்லை. விஷமுறிவு மருந்து குதிரை ரத்தத்திலிருந்து எடுப்பது. அதனால் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வரும். விஷத்தின் அறிகுறி இல்லாமல் அதைப் போட மாட்டோம். திரும்பத் திரும்பச் சோதித்து, ஒரு நாள் முழுக்கக் கண்காணித்து அனுப்பியிருக்கிறார்கள். சரியான வைத்தியம்.

கட்டுவிரியன் கடிக்கு இந்தக் குழாய் உதவாது. அதன் விஷம் தாக்குவது ரத்தத்தை அல்ல, நரம்பை. தரையில் படுத்துத் தூங்குகிறவரைக் கடிக்கும், வலியே தெரியாது. காலையில் வயிற்றுவலி என்பார், இமை தானாகச் சொருகும். அப்போது மூச்சுக் குழாய் போடத் தயாராகிவிடுவோம்.

அப்புறம், பாம்பை அடித்துப் பையில் போட்டுக் கொண்டுவர வேண்டாம். நல்ல பாம்பு, இரண்டு விரியன், கட்டுவிரியன் நான்குக்கும் மருந்து ஒன்றுதான். மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துக் கொடுக்கும் விஷத்திலிருந்தும் அது தயாராகிறது. கடிபட்ட காலை இறுக்கிக் கட்டவும் வேண்டாம், அசைக்காமல் கொண்டுவந்தால் போதும்.

நெஞ்சு வலிக்குப் போனேன். இ.சி.ஜி. நார்மல் என்றார்கள். அப்புறமும் விடாமல் மறுபடி இ.சி.ஜி., இரண்டு முறை ரத்தம். பில் ஏற்றத்தானே? (வாசகர், ஓசூர்)

முதல் இ.சி.ஜி.யை 10 நிமிடத்துக்குள் எடுக்க வேண்டும். ஆனால் மாரடைப்பின் தொடக்கத்தில் அது நார்மலாகவே இருக்கலாம். இதயத் தசை சேதமானால் ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் கலக்கும். அது ஏறச் சில மணி நேரம் ஆகும். அதனால்தான் இரண்டாவது முறை. என்னைக் கேட்டால், முதல் இ.சி.ஜி.யோடு "வாயுப் பிடிப்பு" என்று அனுப்பும் இடத்தைக் கண்டுதான் பயப்பட வேண்டும்.

விபத்தில் அடிபட்டவரைச் சேர்த்தால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமா? (வாசகர், உளுந்தூர்பேட்டை)

வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவு உங்களைப் பாதுகாக்கிறது. பெயர், முகவரி சொல்ல விருப்பமில்லை என்றால் கட்டாயப்படுத்தக்கூடாது. முதலில் சிகிச்சை, சம்பிரதாயம் பிறகு என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) போடுவதும் காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்புவதும் எங்கள் வேலை. தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த விபத்து என்றால், 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு வரம்புத் தொகை வரை கொடுக்கிறது.

எது கேட்டாலும் டூட்டி டாக்டர் எரிந்து விழுகிறார். ஏன்? (வாசகி, திருச்சி)

நானும் எரிந்து விழுந்திருக்கிறேன். அதற்குச் சாக்கு சொல்ல மாட்டேன். மேலே வார்டில் பெட் காலியாகாததால், அட்மிஷன் போட்டவர்களும் கீழேயே ஸ்ட்ரெச்சரில் கிடப்பார்கள். அவர்களையும் பார்த்துக்கொண்டு, புதிதாக வருகிறவர்களையும் பார்க்க வேண்டும். ஒரு நோயாளியைப் பற்றி ஏழு உறவினர்கள் தனித்தனியாகக் கேட்டால், ஏழாமவருக்குக் கிடைக்கும் பதில் அப்படித்தான் இருக்கும். விவரம் தெரிந்த ஒருவர் மட்டும் கூட நில்லுங்கள். கையில் மாத்திரை அட்டைகள் இருக்கட்டும். "காலையில ஒரு வெள்ளை, ராத்திரி பாதி மஞ்சள்" என்றால், கடைசியாகச் சாப்பிட்டது பிரஷர் மாத்திரையா, சர்க்கரை மாத்திரையா என்று எனக்கு எப்படித் தெரியும்?