சேலத்தில் மாணவர் பஸ்களை ஓட்டும் அரசு போக்குவரத்துக் கழகம் எப்படி உருவானது?

போக்குவரத்துக் கழகம் என்பது அரசுக்குச் சொந்தமான பஸ் கம்பெனி. தனியார் பஸ்கள் 1972-ல் அரசுடைமையாகத் தொடங்கிய பிறகு, 1973-ல் சேலத்தில் அண்ணா போக்குவரத்துக் கழகம் வந்தது. இப்படித் தலைவர்களின் பெயரில் இருந்த கழகங்களில் பெரும்பாலானவற்றுக்கு, அந்தப் பெயர்களை எடுத்துவிட்டு, தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற ஒரே பெயர் என்றானது 1997-ல்.

அரசு ஏன் நடத்த வேண்டும்? லாபம் மட்டுமே கணக்கு என்றால் ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, அதற்கும் மேலே மலைக் கிராமம் வரை போய், நாலு பிள்ளைகளை ஏற்றி வர யார் பஸ் விடுவார்கள், சொல்லுங்கள்? சம்பாதிக்கிற அண்ணன் தம்பியைப் படிக்க வைப்பது மாதிரி, கூட்டம் ஏறும் ரூட்தான் காலியாக ஓடும் ரூட்டையும் தாங்குகிறது. இது சரியான ஏற்பாடு என்றே நினைக்கிறேன்.

அப்புறம், இலவச பாஸ் பிள்ளைகள் ஓசியில் போகிறார்கள் என்று சிலர் சொல்வது தவறு, அந்த டிக்கெட் பணத்தை அரசு கழகத்துக்கு மானியமாகத் தருகிறது.