கடைசிப் பொத்தான்

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு ஒன்பது வயது. அறிவுசார் குறைபாடு உள்ளவன். இரண்டு ஆண்டுகளாகச் சிறப்புப் பள்ளிக்குச் செல்கிறான். இன்னும் 'அ' எழுதத் தெரியவில்லை. சட்டைப் பொத்தான் போடவும் தட்டைக் கழுவி வைக்கவும்தான் பழக்குகிறார்கள். "இதற்கு ஒரு பள்ளிக்கூடமா?" என்று உறவினர்கள் கேட்கும்போது எனக்குப் பதில் தெரியவில்லை. இப்படியொரு பள்ளிக்குக் கதை சொல்லப் போவதாக எழுதியிருந்தீர்கள். அதனால் கேட்கிறேன்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

நான் சிறப்பாசிரியர் அல்லன். நான்கு ஆண்டுகளாக வாரம் ஒருநாள் அந்த வகுப்பின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தவற்றைக் கொண்டே எழுதுகிறேன். பொத்தான் போடுவதும் அங்கே பாடம்தான். அதற்கும் கற்பிக்கும் முறையும் மதிப்பீடும் உண்டு.

நமக்கு ஒரே செயலாகத் தெரிவதை ஆசிரியை ஏழெட்டுப் படிகளாகப் பிரித்துக்கொள்கிறார். துணியைப் பிடிப்பது, துளையைக் கண்டுபிடிப்பது, பொத்தானைச் சாய்த்து நுழைப்பது என்று எல்லாவற்றையும் அவரே செய்து, மறுபக்கம் வந்த பொத்தானை இழுத்துவிடும் கடைசிப் படியை மட்டும் குழந்தைக்கு விட்டுவைக்கிறார். அதனால் ஒவ்வொரு முறையும் வேலையை முடித்தவன் குழந்தையாகவே இருக்கிறான். அது கைவந்தபின் அதற்கு முந்தைய படி. 'கை பிடித்து', 'சைகை காட்டியதும்', 'சொன்னதும்', 'தானாக' என்று அன்றன்று கோப்பில் குறிக்கிறார்கள். ஒரு பையன் 'கை பிடித்து' என்பதிலிருந்து 'சொன்னதும்' என்பதற்கு வர ஐந்து மாதம் ஆனது. அன்று அந்த ஆசிரியை கோப்பை எடுத்துக்கொண்டு பக்கத்து வகுப்புக்கு ஓடியதை நான் பார்த்தேன்.

ஆயாம்மாவைப் பற்றியும் சொல்லவேண்டும். எந்தக் குழந்தை காலை மாற்றி மாற்றி வைத்தால் கழிப்பறைக்கு அழைத்துப் போகவேண்டும், எவனுக்குக் கரண்டிப் பிடியில் துணி சுற்றிக் கொடுத்தால் ரசஞ்சோறு சிந்தாது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். எந்தக் கோப்பிலும் ஏறாத அறிவு அது. அவருக்குக் கிடைக்கும் சம்பளத்தை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆனாலும் எழுத்தைப் பற்றிய உங்கள் ஏக்கத்தை நான் தள்ளிவிடமாட்டேன். அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகள் பலர், குறிப்பாகக் குறைபாடு லேசாக இருப்பவர்கள், வாசிக்கக் கற்கிறார்கள். வரிசையாக அகரம் எழுதவேண்டும் என்பதில்லை. தன் பெயர், 'ஆண்கள்', 'ஆபத்து', பேருந்தின் பெயர்ப்பலகை என்று வாழ்க்கைக்கு வேண்டிய சொற்களைப் படமாகவே பார்த்துப் பழகலாம். உங்கள் மகனுக்கென்று எழுதப்பட்ட தனிநபர் கல்வித் திட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதில் வாசிப்பு இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமையானது. அருகிலுள்ள பொதுப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ அதைப் பெறலாம். ஆகவே தயங்காமல் கேட்கலாம்.

வீட்டில் ஒன்று செய்யுங்கள். காலை அவசரத்தில் சட்டையை நாமே போட்டுவிட்டால், பள்ளியில் ஏறிய படி வீட்டில் இறங்கிவிடும். அவன் இப்போது எந்தப் படியில் இருக்கிறான் என்று ஆசிரியையிடம் கேட்டு, அந்தப் படியை மட்டும் அவன் கைக்கு விடுங்கள். பள்ளி வேன் வருவதற்குப் பத்து நிமிடம் முன்னதாகவே சட்டையை எடுத்துவிட்டால் போதும்.

அன்புடன்