மலை இறங்கும்போது சார்ஜ் முழுதும் ஏன் திரும்புவதில்லை?

எலெக்ட்ரிக் காரில் மலை ஏறும்போது செலவானதில் மூன்றில் ஒரு பங்குதான் இறங்கும்போது பேட்டரிக்குத் திரும்புகிறது, ரீஜென் (வேகம் குறைக்கும்போது மோட்டாரே மின்சாரம் தயாரித்து பேட்டரிக்கு அனுப்பும் ஏற்பாடு) அவ்வளவு மட்டமா என்று கேட்டிருக்கிறீர்கள். மட்டமே இல்லை. அந்த மூன்றில் ஒரு பங்கு என்ற கணக்குதான் ஏமாற்றுகிறது.

நான் அடிக்கடி போகும் மேட்டுப்பாளையம் - குன்னூர் - ஊட்டி பாதையையே எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய 50 கி.மீ., உயர வித்தியாசம் சுமார் 1,900 மீட்டர். ஆட்களோடு 1,700 கிலோ இருக்கும் காரை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் 8.8 யூனிட் வேண்டும். எந்தக் கம்பெனி காராக இருந்தாலும் இதில் குறைக்க வழியில்லை. டயர் உருளவும் காற்றைத் தள்ளவும் மலைப்பாதை வேகத்தில் இன்னொரு 3 யூனிட். மோட்டாரிலும் இன்வெர்ட்டரிலும் சூடாகப் போவதையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 13 யூனிட் இறங்கிவிடும். (ஏசியைச் சேர்க்கவில்லை.)

திரும்பும்போது அந்த 8.8 யூனிட் நம் கையில் இருக்கிறது. டயருக்கும் காற்றுக்கும் மறுபடி 3 போகும். மீதி 6-க்குச் சற்றுக் குறைவு. அது சக்கரத்திலிருந்து பேட்டரிக்குள் போய்ச் சேர்வதற்குள் ஐந்தில் ஒரு பங்கு கழியும். கடைசியில் ஏறுவது 4.5 யூனிட் அளவு.

ஆனால் டயருக்கும் காற்றுக்கும் போன அந்த 3 யூனிட் வீணா என்ன? பேட்டரியைத் தொடாமலே உங்களை 50 கி.மீ. கொண்டுவந்து சேர்த்தது அதுதானே! போக வர 100 கி.மீ.க்கு நிகரச் செலவு 8.5 யூனிட். இதே வேகத்தில் சமதளத்தில் 100 கி.மீ. ஓட்டினாலும் 6.5 யூனிட் ஆகும். அப்படியானால் மலை தின்றது வெறும் 2 யூனிட். பெட்ரோல் கார் இறங்கும்போது அந்த மீதி 6 யூனிட்டும் பிரேக்கிலும் இரண்டாவது கியரிலும் சூடாகிக் காற்றோடு போய்விடும். எனக்கு இது இன்றும் வியப்புதான்.

ஏறச் செலவானது முழுதும் திரும்ப வேண்டுமென்றால் இறங்கும்போது எடை கூட வேண்டும். சுவிட்சர்லாந்தில் ஒரு கல் குவாரியில் ஓடும் எலெக்ட்ரிக் டம்பர் லாரி காலியாக 45 டன் எடையில் மேலே போய், 65 டன் கல் ஏற்றிக்கொண்டு இறங்குகிறது. அதற்கு மின்சாரம் மிச்சமே ஆகிறது. நாம் ஊட்டியிலிருந்து கேரட் மூட்டை ஏற்றி வந்தாலும் அந்த அளவுக்குப் போகாது.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம், தயவுசெய்து கவனியுங்கள். ஊட்டியில் 100% சார்ஜ் போட்டுவிட்டு உடனே இறங்காதீர்கள். பேட்டரியில் இடம் இல்லாவிட்டால் ரீஜென் ஏறக்குறைய நின்றுவிடும். கொண்டை ஊசி வளைவுகளில் மொத்தச் சுமையும் பிரேக் மேல் விழும். 40 யூனிட் பேட்டரி என்றால் 85 சதவீதத்தோடு நிறுத்துங்கள், திரும்பி வரும் 4.5 யூனிட்டுக்கு இடம் சரியாக இருக்கும். மார்கழி, தை அதிகாலையில் இன்னும் கவனம் வேண்டும். குளிர்ந்த லித்தியம் பேட்டரிக்குள் வேகமாகச் சார்ஜ் ஏற்றினால் செல் கெடும் என்பதால் காரே ரீஜெனைக் குறைத்துவிடும். அப்போது வேகத்தைக் குறைத்தே இறங்குங்கள், பிரேக்கை ஒரேயடியாக அழுத்திக்கொண்டே வராமல் விட்டு விட்டுப் பிடியுங்கள்.