பக்கவாதப் பதிவேடுகள்: ஊசி போட்டவர்களும் போடாதவர்களும்

மூளை ரத்தக்குழாய் அடைப்பால் வரும் பக்கவாதத்துக்கான சிகிச்சைகளை நோயாளர் பதிவேடுகள் வழியே ஆராய்வது பற்றி வந்த கேள்விகளில் சில.

எங்கள் மருத்துவமனைப் பதிவேட்டில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டவர்களும் இருக்கிறார்கள், போடாதவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பையும் ஒப்பிட்டு, ஊசி பலன் தருகிறது என்று ஆய்வேடு எழுதலாமா? (முதுநிலை மருத்துவ மாணவர்)

வேண்டாம். போடாதவர்களின் கேஸ் ஷீட்டை எடுத்து, ஏன் போடவில்லை என்று பாருங்கள். ஒருவருக்கு வாய் லேசாகக் கோணியிருந்தது, அவ்வளவுதான். இன்னொருவர் காலையில் எழுந்தபோதே கை விழுந்திருந்தது. எப்போது தொடங்கியது என்றே தெரியாது. மூன்றாமவர் வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) சாப்பிடுகிறவர். ஆக, யாருக்கு ஊசி என்ற முடிவிலேயே யார் தேறுவார் என்ற கணிப்பும் பாதி கலந்திருக்கிறது. வயது, சர்க்கரை, என்.ஐ.எச்.எஸ்.எஸ். மதிப்பெண் (பக்கவாதத்தின் தீவிரத்தைக் காட்டுவது, கூடினால் மோசம்) ஆகியவற்றை வைத்து இரு தரப்பையும் புரொபன்சிட்டி ஸ்கோரில் (ஒருவருக்கு ஊசி கிடைத்திருக்கும் வாய்ப்பைக் கணிக்கும் எண்) பொருத்தலாம். ஆனால் 'இந்த அம்மா தாங்க மாட்டார்' என்று டியூட்டி டாக்டருக்குத் தோன்றியதை எழுத பதிவேட்டில் கட்டம் கிடையாது. கட்டம் இல்லாததை எந்தக் கணக்காலும் சரிக்கட்ட முடியாது.

அதே பதிவேட்டை வைத்து, வாசலில் இறங்கியதிலிருந்து ஊசி ஏற எத்தனை நிமிடம் ஆகிறது, இரவில் அது கூடுகிறதா என்று பாருங்கள். அதற்கு உங்கள் தரவே போதும்.

அப்படியானால் பதிவேட்டால் சிகிச்சை பற்றி ஒன்றும் சொல்ல முடியாதா?

முடியும். குலுக்கல் முறைச் சோதனையில் (யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கலில் விட்டு ஒப்பிடும் ஆய்வு) கிடைத்த பலன் சாதாரண மருத்துவமனையிலும் கிடைக்கிறதா என்ற கேள்விக்கு அதைவிட நல்ல கருவி இல்லை. 2002இல் ஐரோப்பா ஆல்டிபிளேஸுக்கு (கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்து) அனுமதி தந்தபோது, பாதுகாப்பைப் பதிவேடு வைத்துக் கண்காணிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. அப்படி வந்ததுதான் சிட்ஸ்-மோஸ்ட்: 14 நாடுகள், 285 மையங்கள், 6,483 நோயாளிகள். மையங்களில் பாதிக்கு இந்த ஊசியில் அதிக அனுபவம் கிடையாது. 2007இல் முடிவு வந்தபோது 3 மாத இறப்பு 11.3 சதவீதம், பழைய சோதனைகளில் ஊசி போட்டவர்களிடம் அது 17.3. இதைப் பார்த்துவிட்டு 'சோதனையைவிட நிஜத்தில் மேல்' என்று சொல்லிவிடாதீர்கள், நோயாளிகள் வேறு வேறு. சோதனைகளுக்கு வெளியே ஆபத்து கூடவில்லை என்பது மட்டுமே நிரூபணம்.

ஊசிக்குப் பின் மூளையில் ரத்தக்கசிவு 2 சதவீதத்துக்கும் குறைவு என்கிறது ஒரு கட்டுரை, 7 என்கிறது இன்னொன்று. எது சரி?

இரண்டும் சரி, சிட்ஸ்-மோஸ்ட்டிலேயே இரண்டும் இருக்கிறது. பெரிய கசிவும் வேண்டும், என்.ஐ.எச்.எஸ்.எஸ். 4 புள்ளியாவது மோசமாகவும் வேண்டும் என்று வரையறுத்தால் 1.7 சதவீதம். ஏதோ ஒரு கசிவு, ஏதோ ஒரு சரிவு போதும் என்றால் 7.3. வரையறையைப் படிக்காமல் இரண்டு பதிவேடுகளின் சதவீதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

டாக்டர்களுக்கே நம்பிக்கை இருக்கும்போது குலுக்கல் முறைச் சோதனை எதற்கு?

மூளைத்தண்டுக்கு ரத்தம் தரும் பேசிலார் தமனி அடைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பேசிக்ஸ் பதிவேடு (2009, 592 பேர்) எந்தச் சிகிச்சையும் மேல் என்று காட்டவில்லை. பிறகு அதே பெயரில் சோதனை தொடங்கினார்கள். 300 பேரைச் சேர்க்க சுமார் 8 ஆண்டு. குழாய் வழியே கட்டியை எடுப்பதுதான் நல்லது என்று நம்பிய மருத்துவர்கள், பல நோயாளிகளைக் குலுக்கலுக்கே விடவில்லை. 2021இல் வந்த முடிவிலும் தெளிவில்லை. சீனாவின் அட்டென்ஷன், பாவோச்சே சோதனைகள்தான் 2022இல் தீர்த்துவைத்தன: அட்டென்ஷனில் 90ஆம் நாளில் நல்ல நிலையில் இருந்தவர்கள், கட்டியை எடுத்த தரப்பில் 46 சதவீதம், மருந்து மட்டும் பெற்றவர்களில் 23. நம்பிக்கை சரியாகவே இருந்தது. ஆனால் அதைச் சொல்ல பதிவேட்டால் முடியவில்லை.

இரண்டையும் சேர்க்கவும் வழி உண்டு. கனடாவின் ஆக்ட் சோதனை, நடப்பிலிருந்த பதிவேடுகளோடு இணைத்தே குலுக்கலை நடத்தியது. சுமார் இரண்டே ஆண்டில் 1,577 பேர். கட்டியைக் கரைக்கும் இன்னொரு மருந்தான டெனெக்டெபிளேஸ் ஆல்டிபிளேஸுக்குக் குறைந்ததல்ல என்று 2022இல் காட்டியது. இனி நம் ஊர்களுக்கும் இதுவே தோது என்பேன்.

நோயாளியின் நிலையை அறிய 90ஆம் நாள் போன் செய்தால் பலர் எடுப்பதில்லை. அவர்களை விட்டுவிட்டுக் கணக்கிடலாமா? (ஆய்வு ஒருங்கிணைப்பாளர், மதுரை)

எடுக்காதவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. தேறியவர் வேலைக்குப் போயிருப்பார். இறந்தவரின் எண் அணைந்திருக்கும். அதனால் சேர்க்கும்போதே இரண்டு உறவினர் எண்களை வாங்குங்கள், ஒன்று வேறு வீட்டில் இருப்பவருடையது. 'நல்லா இருக்கார்' என்ற பதிலை அப்படியே எழுதாதீர்கள். தானாகக் குளிக்கிறாரா, துணையில்லாமல் நடக்கிறாரா என்று கேட்டு, இயலாமையை அளக்கும் ராங்கின் அளவுகோலில் 0 (குறை ஏதுமில்லை) முதல் 6 (இறப்பு) வரைக்குள் பொருத்துங்கள். கேட்பவருக்கு யாருக்கு ஊசி போட்டது என்று தெரியாமல் இருப்பது உத்தமம். கடைசிவரை கிடைக்காதவர்கள் எத்தனை பேர் என்பதை முதல் அட்டவணையிலேயே போட்டுவிடுங்கள்.

தமிழ்நாட்டில் இப்படிப் பதிவேடு உண்டா?

உண்டு. பெங்களூருவில் உள்ள ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) தேசிய நோய்த் தகவல் மையத்தின் கீழ், மக்கள்தொகை சார்ந்த பக்கவாதப் பதிவேடு திருநெல்வேலியில் உண்டு. அதன் வேலை, அப்பகுதியில் யார் யாருக்குப் பக்கவாதம் வந்தது என்று எண்ணுவது. சிகிச்சைகளை ஒப்பிட அதைத் தேடிப் போகாதீர்கள்.