ஸ்டெல்வியோ கணவாயைச் சைக்கிளில் ஏற எந்தப் பக்கம் நல்லது?

இத்தாலிய ஆல்ப்ஸில் 2,757 மீட்டர் உயரத்திலுள்ள ஸ்டெல்வியோ கணவாய்க்கு மூன்று தார்ச்சாலைகள் ஏறுகின்றன. முதன்முறை செல்பவர், அடிவார ஊரான பிராட்டோவிலிருந்து ஏறும் பக்கத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏறத்தாழ 24 கிலோமீட்டரில் 1,800 மீட்டர் உயரம் ஏறும் இச்சாலையில் 48 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொரு வளைவிலும் இருக்கும் எண் மேலே செல்லச் செல்லக் குறைந்துகொண்டே வருவதால், களைத்த கால்களுக்கு அதுவே பெரிய ஆறுதல். டிராஃபோய் ஊரைக் கடந்து மரங்கள் மறைந்ததும், மலைச்சுவரில் மடித்து வைத்த நாடாபோல் எஞ்சிய சாலை முழுவதும் கண்முன் நிற்கும். அங்கே அவசரப்பட்டு வேகம் கூட்டாதீர்கள்; உச்சியை நெருங்கும்போது காற்றில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தைவிடக் கால் பங்குக்கும் மேல் குறைந்திருக்கும்.

மறுபக்க அடிவார ஊரான போர்மியோவிலிருந்து ஏறும் சாலையில் சுரங்கப்பாதைகள் உண்டு, விளக்கு அவசியம். இத்தாலியைச் சுற்றிவரும் ஜிரோ சைக்கிள் பந்தயத்தில், 1953இல் இத்தாலிய வீரர் ஃபவுஸ்டோ கோப்பி, சுவிஸ் வீரர் ஹியூகோ கோப்லெட்டைப் பின்தள்ளி, முன்னிலை வகிப்பவர் அணியும் இளஞ்சிவப்புச் சட்டையைப் பறித்தது இந்தக் கணவாயில்தான்.

இறங்கும்போது போர்மியோ திசையில் சுமார் மூன்று கிலோமீட்டர் வந்து, மூன்றாவது சாலையான உம்பிரைல் கணவாய் வழியாகச் சுவிட்சர்லாந்தின் சாந்தா மரியாவுக்குத் திரும்பினால், பள்ளத்தாக்கின் வழியே குளோரென்சா ஊரைத் தொட்டுப் பிராட்டோவையே அடையலாம். அடிவாரத்தைவிட உச்சியில் வெப்பம் பத்துப் பாகைக்கும் மேல் குறைவாக இருக்கும் என்பதால், காற்றுத்தடுப்புச் சட்டையும் முழுவிரல் கையுறையும் இல்லாமல் இறங்காதீர்கள். விறைத்த விரல்களால் பிரேக்கைச் சரியாகப் பிடிக்க முடியாது. குளிர்காலத்தில் சாலை மூடப்பட்டிருக்கும்.