கதவு முனை வளைந்திருந்தால் அது மார்க் 2 அல்ல

கேள்வி: கலிஃபோர்னியாவில் வசிக்கிறேன். 1965-ஆம் ஆண்டு சன்பீம் டைகர் கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 289 கன அங்குல எஞ்சின், கட்டம் போட்ட கிரில், பக்கவாட்டில் கோடுகள். 'மார்க் 2' என்று சொல்லி அதற்கேற்ற விலை கேட்கிறார்கள். சேஸிஸ் எண் பி947 என்று தொடங்குகிறது. கதவு, டிக்கி முனைகள் வளைந்திருக்கின்றன. இது டைகரே இல்லை, வேஷம் போட்ட ஆல்பைன் (சன்பீமின் இன்னொரு கார்) என்கிறான் என் மச்சான். யார் சொல்வது சரி?

பதில்: விற்பவர் சொல்வது நிச்சயமாகத் தவறு. மச்சான் சொல்வது சரியா என்பதை வண்டியைத் தூக்கிப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

289 எஞ்சினும் கட்டம் போட்ட கிரில்லும் கோடுகளும் மார்க் 2-இல் வந்தவைதான். ஆனால் மார்க் 2-க்கான சேஸிஸ் எண்கள் பி3821 என்று தொடங்கும். அது 1967 மாடல். சில நூறு வண்டிகளோடு நின்றுபோனது. பி947 என்றால் மார்க் 1. 1965 ஆகஸ்டுக்குப் பிறகு கதவு முனைகள் சதுரமாகிவிட்டன. அப்படி மாறிய மார்க் 1 வண்டிகளைத்தான் 'மார்க் 1ஏ' என்கிறோம், அவற்றின் எண் பி3820 என்று தொடங்கும். அது ரசிகர்கள் பின்னால் வைத்த பெயர். ஆனாலும் சதுர முனையும் பி3820 எண்ணும் உண்மையான வித்தியாசங்கள் என்பதால் அந்தப் பெயரோடு எனக்குச் சண்டை இல்லை. எஞ்சினை வைத்துப் பெயரை மாற்றுவதுதான் எனக்கு ஒப்பாதது. மார்க் 1-இல் வந்தது ஃபோர்டின் 260 வி8 (எட்டு சிலிண்டர் எஞ்சின்). 289-உம் அதே குடும்பம், வெளி அளவும் ஒன்றுதான் என்பதால் அந்தக் காலத்திலிருந்தே பலர் மாற்றியிருக்கிறார்கள். கிரில்லும் கோடும் ஒரு வாரப் பட்டறை வேலை.

இனி மச்சானின் சந்தேகம். டைகர் என்பதே ஆல்பைனின் பாடிக்குள் அமெரிக்க வி8-ஐத் திணித்த வண்டிதான். அதனால் ஓர் ஆல்பைனை வாங்கி, வி8 வைத்து, செத்துப்போன டைகரின் சேஸிஸ் எண் தகட்டைப் பொருத்தினால் மேலோட்டமாக வித்தியாசம் தெரியாது. இப்படிப்பட்டவற்றுக்கு 'ஆல்கர்' என்றே பெயர் உண்டு. ஆகவே எண் தகட்டை நம்பாதீர்கள். அது கழற்றி மாட்டக்கூடிய பொருள்.

நம்ப வேண்டியது பாடியை. டைகர்களை இங்கிலாந்தின் வெஸ்ட் பிராம்விச்சில் ஜென்சன் நிறுவனம் பூட்டியது. எஞ்சின் உள்ளே இறங்க இடம் போதவில்லை. பெயின்ட் அடித்து வந்த பாடியில், எஞ்சினுக்குப் பின்னாலுள்ள தகட்டுச் சுவரின் ஒரு பகுதியைச் சம்மட்டியால் அடித்து ஒடுக்கினார்கள். ஆம், தொழிற்சாலையிலேயே. அந்த நசுங்கல்தான் இன்றைக்குச் சாட்சி! அதே சுவரில், பின்னால் மாட்டிக்கொண்ட ஒரு ஸ்பார்க் பிளக்கை எட்டுவதற்கு, ரப்பர் மூடி போட்ட துளை ஒன்றும் இருக்கும். இவற்றைப் பார்த்துவிட்டு முடிவுக்கு வந்துவிடாதீர்கள். சம்மட்டி யாரிடமும் உண்டு, துளையை யாரும் போடலாம். தகடு தகடோடு சேரும் இடத்தில் ஸ்பாட் வெல்டு (புள்ளி புள்ளியாகப் பற்றவைத்தது) எப்படி விழுந்திருக்கிறது என்பதுதான் போலி செய்பவரைக் காட்டிக்கொடுக்கும். ஐம்பது வருடம் கழித்து டிங்கரிங் செய்தவரின் கைக்கு அந்த ஒழுங்கு வராது.

இதைப் பார்க்கத் தெரிந்தவர்கள் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். சன்பீம் டைகர் ஓனர்ஸ் அசோசியேஷன் என்ற அமெரிக்கச் சங்கத்தின் பரிசோதனைக் குழு பாடியை நேரில் பார்த்துச் சான்றிதழ் தருகிறது. எதையெல்லாம் பார்க்கிறோம் என்று முழுப் பட்டியலை அவர்கள் வெளியே சொல்வதில்லை. சொன்னால் திருடனுக்குச் சாவி கொடுத்த கதைதான். ஒன்றைக் கவனியுங்கள்: அந்தச் சான்றிதழ் பாடி டைகருடையது என்று மட்டும்தான் சொல்லும், எஞ்சின் பழையதா, பெயின்ட் அசல் நிறமா என்பதற்கு அது பொறுப்பல்ல.

எனவே முன்பணம் தருவதற்கு முன் பரிசோதனை, அதன் பிறகு பேரம். பாடி தேறினால் அது 289 எஞ்சின் மாற்றிய மார்க் 1. ஓட்டுவதற்கு அருமையான வண்டி. ஆனால் மார்க் 2 விலை கொடுக்காதீர்கள், ரசீதிலும் 'மார்க் 1' என்றே எழுதி வாங்குங்கள். கழற்றிய 260 எஞ்சின் ஷெட்டில் எங்காவது கிடக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். கிடந்தால் அதையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.