நான்கு பேர் குழுவுக்குக் குபெர்னெட்டிஸ் தேவையா?

வணக்கம். நான்கு பேர் கொண்ட உங்கள் குழு, ஒரே சர்வரில் டாக்கர் கம்போஸ் (ஒரு கணினியில் பல கன்டெய்னர்களைச் சேர்த்து இயக்கும் கருவி) வழியாக இயக்கும் மூன்று சேவைகளை, பல சர்வர்களில் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் மென்பொருளான குபெர்னெட்டிஸுக்கு மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கன்டெய்னர் என்பது ஒரு நிரலையும் அது இயங்கத் தேவையானவற்றையும் அடக்கிய பொதி. இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் கருத்து.

குபெர்னெட்டிஸின் பலன்கள் உண்மையானவை. கன்டெய்னர் நின்றுபோனால் தானே மீண்டும் தொடங்கும். ஒரு சர்வரே செயலிழந்தாலும் அதன் பணி வேறொன்றுக்கு மாற்றப்படும். புதிய பதிப்பைச் சேவை தடைபடாமல் படிப்படியாக ஏற்றலாம், பிழை தெரிந்தால் ஒரே கட்டளையில் பழையதற்குத் திரும்பலாம். ஆனால் ஒரே சர்வர் இருக்கும்வரை இரண்டாவது பலன் உங்களுக்குக் கிட்டாது. முதலாவதைக் கம்போஸ் கோப்பில் ரீஸ்டார்ட் என்று எழுதும் ஒரு வரியே தந்துவிடும்.

சுமையோ அன்றாடமானது. குபெர்னெட்டிஸுக்கே ஆண்டுக்கு 3 பதிப்புகள் வெளிவருகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 14 மாதங்களே ஆதரவு உண்டு என்பதால் மேம்படுத்தும் வேலை ஓயாது. நினைவக வரம்பைக் குறைத்து எழுதிவிட்டால், பாட் (குபெர்னெட்டிஸ் கன்டெய்னர்களை இயக்கும் மிகச் சிறிய அலகு), 137 என்ற பிழைக் குறியீட்டுடன் திரும்பத் திரும்ப நின்றுபோகும். அதை முதன்முறை கண்டபோது, நிரலில்தான் பிழை என்று நம்பி நான் இரண்டு நாள் தேடினேன்.

இரண்டாவது சர்வர் கட்டாயமாகும்போது, குபெர்னெட்டிஸை இயக்கி மேற்பார்க்கும் கட்டுப்பாட்டுப் பகுதியைக் கிளவுட் நிறுவனமே பராமரிக்கும் சேவையை எடுத்துக்கொள்ளுங்கள். டேட்டாபேஸை மட்டும் கிளஸ்டருக்கு (குபெர்னெட்டிஸ் நிர்வகிக்கும் சர்வர் தொகுப்புக்கு) வெளியிலேயே வைத்திருங்கள்.